ஜீப்புக்குள் மழை

மூணாறு மலை ஊர். கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. மூன்று ஆறுகள் கூடும் இடம். அதனால் இந்தப் பெயர் வந்தது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். தோட்டத் தொழிலாளர்களில் பலர் தமிழ் பேசுபவர்கள்.

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். செப்டம்பர் வரை நீடிக்கும். அந்த மாதங்களில் துணி காயாது. விறகு காயாது. பாதையெல்லாம் வழுக்கும்.

அங்கே ஒரு தோட்டத்தில் ஒரு ஜீப் ஓட்டுநர் இருந்தார். ஜீப் அவருடைய சொந்த வண்டி. கடன் வாங்கி வாங்கியது. தவணை இன்னும் முடியவில்லை. காலையிலும் மாலையிலும் லயத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிச் செல்வார். அவர் மனைவி தேயிலை பறிக்கும் தொழிலாளி. மாலையில் கற்போர் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர்.

ஜூலை மாதம். ஜீப்புக்குள் தண்ணீர் வரத் தொடங்கியது. முன்பக்கம் இடது காலடியில் மிதியடி ஊறிக் கிடந்தது. பின் இருக்கையின் அடியிலும் ஈரம். உள்ளே ஒரே புழுங்கல் நாற்றம்.

ஒரு பிள்ளையின் தாய் வந்து சொன்னார்: "அண்ணே, பிள்ளையோட புத்தகமெல்லாம் நனைஞ்சு வருது. சளியும் பிடிச்சிருக்கு. இந்த மாசம் பார்க்கிறேன். சரியாகலேன்னா வேற ஜீப்பில அனுப்பிடுவேன்."

ஓட்டுநர் தலை குனிந்தார்.

மறுநாள் காலை இன்னொன்று நடந்தது. ஜீப்பில் எட்டுப் பிள்ளைகள். வளைவான பாதை. முன் கண்ணாடியின் உட்புறம் திடீரென்று பனி படர்ந்தது போல் மங்கியது. கையால் துடைத்தார். மீண்டும் மங்கியது. எதிரே லாரி வந்தது. கடைசி நேரத்தில்தான் அது தெரிந்தது. பிரேக்கை அழுத்தினார். ஜீப் ஓரத்தில் நின்றது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் அவர் கை நடுங்கியது.

வண்டிக்குள் ஈரம் இருந்தால் காற்றிலும் ஈரம் சேரும். குளிர்ந்த கண்ணாடியில் அது நீராகப் படியும். பாதை மறையும். ஆகவே வண்டிக்குள் ஒழுகும் தண்ணீரைச் சின்ன விஷயம் என்று விடக்கூடாது.

கண்ணாடிதான் காரணமா?

ஓட்டுநர் ஒரு பட்டறைக்குப் போனார். அங்கே வண்டியைச் சுற்றிப் பார்த்தார்கள். "முன் கண்ணாடி ரப்பர் போயிடுச்சு. கண்ணாடியைக் கழற்றிப் புது ரப்பர் போடணும். 4,500 ரூபாய் ஆகும்" என்றார்கள்.

அவரிடம் அவ்வளவு பணம் இல்லை. கண்ணாடியைச் சுற்றிப் பசையைப் பூசினார். அன்று இரவும் மழை பெய்தது. காலையில் பார்த்தால் அதே இடத்தில் தண்ணீர்.

இரவு மனைவியிடம் சொன்னார். "வட்டிக்கு வாங்கியாவது ரப்பரை மாத்திடலாமா?"

மனைவி யோசித்தார். "ஏங்க, தினமுமா ஒழுகுது?"

"மழை பெஞ்சா ஒழுகுது."

"மழை பெஞ்ச எல்லா நாளுமா?"

அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

"ஒரு வாரம் பொறுங்க. நான் எழுதி வைக்கிறேன்" என்றார் மனைவி. வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்தார்.

நோட்டில் எழுதியது

ஜூலை 8: லயத்து முற்றம். மரத்தடி. இடது பக்கம் பள்ளம். இரவு மழை. முன்பக்கம் இடது காலடியில் தண்ணீர்.

ஜூலை 9: ஜீப் ஸ்டாண்டு. சமதளம். தூறல். புதிய ஈரம் இல்லை.

ஜூலை 10: மழை இல்லை. நாள் முழுதும் ஓட்டம். புதிய ஈரம் இல்லை.

ஜூலை 11: பள்ளிக்கூட மேடு. வண்டியின் முன்பக்கம் மேலே, பின்பக்கம் கீழே. பெரிய மழை. பின் இருக்கையின் அடியில் தண்ணீர். முன்பக்கம் காய்ந்திருக்கிறது.

ஜூலை 12: லயத்து முற்றம். இடது பக்கம் பள்ளம். இரவு மழை. இடது காலடியில் தண்ணீர்.

ஜூலை 13: அதே முற்றம். வண்டியைத் திருப்பி நிறுத்தினோம். வலது பக்கம் பள்ளம். இரவு மழை. காலடியில் தண்ணீர் இல்லை.

மனைவி நோட்டைக் காட்டினார். "11-ஆம் தேதி எவ்வளவு மழை! கண்ணாடி ஒழுகினா அன்னைக்கும் முன்னால ஒழுகியிருக்கணும் இல்லையா?"

ஓட்டுநர் நோட்டை இரண்டு முறை படித்தார். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு வேறொரு மெக்கானிக்கிடம் போனார். அவர் வயதானவர். எல்லோரும் அண்ணாச்சி என்று அழைப்பார்கள்.

முதல் கேள்வி: இது எந்தத் தண்ணீர்?

அண்ணாச்சி நோட்டைப் பார்த்தார். சிரித்தார். "பாதி வேலையை நீங்களே முடிச்சிட்டீங்க தம்பி" என்றார். பிறகு விளக்கினார்.

வண்டிக்குள் வரும் தண்ணீர் எல்லாம் மழைத் தண்ணீர் அல்ல. முதலில் தொட்டுப் பாருங்கள். முகர்ந்து பாருங்கள்.

தெளிந்த தண்ணீர், மழைக்குப் பிறகு மட்டும் வந்தால் அது மழைத் தண்ணீர்.

தெளிந்த தண்ணீர், ஏ.சி. போட்ட நாளில் மட்டும் வந்தால் ஏ.சி. குழாய் அடைத்திருக்கும். ஏ.சி. ஓடும்போது நீர் உண்டாகும். அது ஒரு குழாய் வழியாக வண்டியின் அடியில் சொட்ட வேண்டும். குழாய் அடைத்தால் உள்ளே வரும்.

பச்சை அல்லது சிவப்பு நிறம், பிசுபிசுப்பு, இனிப்பு வாசனை இருந்தால் அது எஞ்சினைக் குளிர்விக்கும் நீர். எஞ்சின் சூடாகிக் கெட்டுவிடலாம். உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். இந்த நீர் நஞ்சு. பிள்ளைகளும் ஆடுமாடுகளும் தொடக்கூடாது.

பிரேக் அல்லது கிளட்ச் மிதிக்கு அருகே எண்ணெய் போல் வழிந்தால் அது பிரேக் ஆயில் அல்லது கிளட்ச் ஆயிலாக இருக்கலாம். வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வரவழையுங்கள்.

"10-ஆம் தேதி மழை இல்லை. நாள் முழுக்க ஓட்டினீங்க. ஈரம் இல்லை. அதனால இது மழைத் தண்ணிதான்" என்றார் அண்ணாச்சி.

நனைந்த இடம் வேறு, நுழையும் இடம் வேறு

தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும். வண்டிக்குள்ளும் அப்படித்தான். கூரையில் நுழையும் தண்ணீர் உள்துணிக்குப் பின்னால் ஓடி, தூண் வழியாக இறங்கி, இருக்கையின் அடியில் தேங்கலாம். ஆகவே ஈரம் இருக்கும் இடத்தில் மட்டும் பசை பூசினால் பயன் இல்லை. மேலே தேடுங்கள். மேட்டுப் பக்கமாகத் தேடுங்கள்.

மழைத் தண்ணீர் நுழையும் வழிகள் பெரும்பாலும் இவைதான்:

1. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்.
2. கதவின் அடியில் உள்ள சிறு துளைகள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் தண்ணீர் இந்தத் துளைகளில் வெளியேற வேண்டும். மண் அடைத்தால் தண்ணீர் உள்ளே வழியும்.
3. முன் கண்ணாடி, பின் கண்ணாடி ஓரம்.
4. முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள தண்ணீர்த் தொட்டி.
5. கூரைத் தகரங்கள் சேரும் இடம். கேரியர் போல்ட் துளைகள்.
6. பின் விளக்குகளின் ரப்பர்.
7. ஒயர் நுழையும் துளையின் ரப்பர்.
8. தரைத் தகரத்தில் உள்ள ரப்பர் மூடிகள். இவை விழுந்துவிட்டால் சக்கரம் அடிக்கும் தண்ணீர் உள்ளே வரும்.

சோதனை செய்யும் முறை

அண்ணாச்சி முதலில் வண்டியின் உள்ளே எல்லாவற்றையும் காய வைத்தார். மிதியடிகளை எடுத்தார். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார். ஈரமான ஒயர்களில் கை வைக்கும் முன் இதைச் செய்ய வேண்டும்.

பிறகு ஒரு தாளை எடுத்தார். கதவின் ரப்பர் மேல் வைத்துக் கதவை மூடினார். தாளை இழுத்தார். தாள் இறுக்கமாக வந்தது. ரப்பர் நன்றாகப் பிடிக்கிறது என்று பொருள். தாள் எளிதாக நழுவி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. ஒரு சாண் இடைவெளியில் கதவைச் சுற்றி இப்படிப் பார்த்தார். கதவுகளில் குறை இல்லை.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. இதற்கு இருவர் வேண்டும். ஒருவர் உள்ளே டார்ச் விளக்குடன் உட்கார வேண்டும். ஒருவர் வெளியே குழாயில் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும்.

"மேலேயிருந்து ஊத்தலாமா அண்ணாச்சி?"

"கூடாது தம்பி. மேலே ஊத்தினா எல்லா இடத்திலயும் வழியும். எந்த வழியா நுழைஞ்சதுன்னு தெரியாது. கீழேயிருந்து ஆரம்பி. ஒரு இடத்தில சில நிமிஷம் விடு. அப்புறம் கொஞ்சம் மேலே போ."

ஓட்டுநர் கதவின் அடியில் தொடங்கினார். ஒன்றும் இல்லை. முன் கண்ணாடியின் கீழ் ஓரத்துக்கு வந்தார். வண்டியின் இடது பக்கம் பள்ளமாக நின்றிருந்தது. சிறிது நேரம் சென்றது.

"நிறுத்து! வருது!" என்றார் அண்ணாச்சி உள்ளேயிருந்து.

தண்ணீர் கண்ணாடி ஓரத்தில் வரவில்லை. டேஷ்போர்டுக்கு அடியில், காற்று வரும் பெட்டியிலிருந்து சொட்டியது.

ஒரு கைப்பிடி இலை

முன் கண்ணாடிக்குக் கீழே சல்லடை போன்ற ஒரு மூடி இருக்கும். கண்ணாடியில் வழியும் மழைநீர் அதன் அடியில் உள்ள தொட்டியில் விழும். தொட்டியின் இரண்டு ஓரத்திலும் துளைகள் உண்டு. நீர் அவற்றின் வழியாக வெளியேறும். வண்டிக்குள் வெளிக்காற்று வரும் வழியும் அதே தொட்டியில்தான் இருக்கிறது.

அண்ணாச்சி மூடியைக் கழற்றினார். இடது ஓரத்தில் ஒரு கைப்பிடி அளவு அழுகிய இலை. எல்லாம் சில்வர் ஓக் மர இலை. லயத்து முற்றத்தில் வண்டி அந்த மரத்தின் அடியில்தான் நிற்கும்.

இப்போது நோட்டின் கணக்குப் புரிந்தது. இடது துளை அடைத்திருந்தது. வலது துளை திறந்திருந்தது. இடது பக்கம் பள்ளமாக நின்றால் தண்ணீர் அங்கே தேங்கியது. நிரம்பிக் காற்று வழியாக உள்ளே வந்தது. வலது பக்கம் பள்ளமாக நின்றால் வலது துளை வழியாக வெளியேறியது.

அண்ணாச்சி இலைகளைக் கையால் அள்ளினார். மெல்லிய குச்சியால் துளையைச் சுத்தம் செய்தார். ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார். அது சக்கரத்துக்குப் பின்னால் தரையில் கொட்டியது. இந்த வேலைக்கு ஒரு பொருளும் வாங்கவில்லை.

கூரையில் நான்கு துளைகள்

பின்னால் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கூரையில் கேரியர் இருந்தது. அதை மாட்ட நான்கு துளைகள் போட்டிருந்தார்கள். போல்டின் அடியில் இருந்த ரப்பர் வாஷர்கள் காய்ந்து வெடித்திருந்தன. துளையைச் சுற்றித் துரு. உள்துணியில் பழுப்புக் கறை. வண்டியின் முன்பக்கம் மேலே நின்றால் அந்தத் தண்ணீர் கூரை வழியே பின்னால் ஓடி, இருக்கையின் அடியில் இறங்கியது.

சரிசெய்த முறை இது:

1. போல்டுகளைக் கழற்றினார்கள்.
2. உப்புத்தாளால் துருவைத் தேய்த்து எடுத்தார்கள்.
3. துடைத்து நன்றாகக் காய வைத்தார்கள்.
4. ரெட் ஆக்சைடு பூசினார்கள். அது காய்ந்த பிறகு பெயிண்ட் பூசினார்கள்.
5. துளையைச் சுற்றி வண்டிக்கான சீலண்ட் பூசினார்கள்.
6. புதிய ரப்பர் வாஷர் வைத்து போல்டை முறுக்கினார்கள்.
7. ஒரு நாள் முழுதும் தண்ணீர் படாமல் கொட்டகையில் வைத்தார்கள்.

துருவின் மேல் பசை பூசக்கூடாது. பசை பிடிக்காது. அடியில் துரு வளரும். ஈரத்தின் மேலும் பூசக்கூடாது. காடி போல் புளித்த வாசனை வரும் சிலிக்கானைத் தகரத்தில் பூசாதீர்கள். அது தகரத்தை அரிக்கும். கடையில் கேட்டு, வண்டித் தகரத்துக்கு ஏற்ற சீலண்ட் வாங்குங்கள்.

ரப்பர் பீடிங்கில் கிரீஸ், பெட்ரோல் தடவாதீர்கள். ரப்பர் உப்பிக் கெட்டுப்போகும். ஈரத்துணியால் துடைத்து மண் இல்லாமல் வைத்திருந்தால் போதும்.

முன் கண்ணாடி ஒழுகினால் நீங்களே கழற்ற வேண்டாம். பல புதிய வண்டிகளில் கண்ணாடியைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். அது வண்டிக்குப் பலமும் தருகிறது. பழகியவர்தான் அதைச் செய்ய வேண்டும். புதிய வண்டிகளில் மஞ்சள் உறை போட்ட ஒயர்கள் இருக்கும். அவை காற்றுப் பைக்கானவை. அவற்றைத் தொடாதீர்கள்.

உள்ளே காய வைப்பது

ஒழுகலை அடைத்தால் மட்டும் போதாது. உள்ளே ஊறிய ஈரமும் போக வேண்டும். மிதியடி மேலே காய்ந்திருக்கும். அடியில் உள்ள பஞ்சு ஈரமாக இருக்கும். அதில் பூஞ்சணம் பிடிக்கும். மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு அது கெடுதல். அடியில் உள்ள தகரமும் துருப்பிடிக்கும். இருக்கையையும் பெல்ட்டையும் பிடித்திருப்பது அந்தத் தகரம்தான்.

மிதியடியையும் பஞ்சையும் வெளியே எடுங்கள். பழைய துணியால் ஒற்றி எடுங்கள். வெயில் இருந்தால் கதவுகளைத் திறந்து வையுங்கள். வெயில் இல்லையென்றால் கொட்டகையில் நிறுத்தி மின்விசிறி வையுங்கள். பழைய செய்தித்தாளைப் பரப்பி, நனைந்ததும் மாற்றுங்கள். தரைத் தகரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். உப்பி இருந்தாலோ, பொடியாக உதிர்ந்தாலோ வெல்டிங் செய்பவரிடம் காட்டுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் கதை வேறு. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. ஏராளமான வண்டிகள் மூழ்கின. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் இருந்தால் எஞ்சின் உடைந்துவிடும். வண்டியை இழுத்துச் சென்று மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே சொல்ல வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் உங்கள் வண்டியின் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. முழுக் காப்பீடு வேண்டும். உங்கள் காப்பீட்டுத் தாளை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

மீண்டும் மழை

மூன்றாம் நாள் இரவு பெரிய மழை. ஓட்டுநர் விடியும் முன் எழுந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். இடது காலடியில் விரித்திருந்த செய்தித்தாள் காய்ந்திருந்தது. பின் இருக்கையின் அடியிலும் காய்ந்திருந்தது.

மனைவி நோட்டை எடுத்தார். தேதியை எழுதினார். பக்கத்தில் "ஈரம் இல்லை" என்று எழுதினார்.

ஏழரை மணிக்குப் பிள்ளைகள் ஏறினார்கள். அந்தத் தாயும் வந்திருந்தார். குனிந்து ஜீப்பின் தரையைத் தொட்டுப் பார்த்தார். பிள்ளையின் பையை உள்ளே வைத்தார்.

"சாயங்காலம் எப்பவும் போலத்தானே அண்ணே?" என்றார்.

நினைவில் வையுங்கள்

- முதலில் எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். பிறகு வழியைத் தேடுங்கள்.
- எப்போது, எங்கே, எப்படி நின்றபோது ஒழுகியது என்று எழுதி வையுங்கள்.
- கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டுச் சோதியுங்கள்.
- துருவை எடுத்து, காய வைத்து, அதன்பிறகு பசை பூசுங்கள்.
- மே மாதத்திலேயே இலைகளை அள்ளி, துளைகளைச் சுத்தம் செய்யுங்கள்.
- கண்ணாடி மங்கினால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். உலர்ந்த துணியால் துடையுங்கள். ஜன்னலைச் சிறிது திறந்து, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. முன் கண்ணாடி ஒழுகவில்லை என்பதை நோட்டில் உள்ள எந்தத் தேதி காட்டியது?
2. வண்டியைத் திருப்பி நிறுத்தியதால் என்ன தெரிந்தது?
3. தண்ணீர்ச் சோதனையை ஏன் கீழிருந்து தொடங்க வேண்டும்?

கணக்குப் போடுங்கள்

சீலண்ட் 350 ரூபாய். ரெட் ஆக்சைடும் பெயிண்டும் 160 ரூபாய். உப்புத்தாள் 2, ஒன்று 20 ரூபாய். ரப்பர் வாஷர் 4, ஒன்று 10 ரூபாய். அண்ணாச்சியின் கூலி 600 ரூபாய். மொத்தம் எவ்வளவு? முதல் பட்டறையில் கேட்ட 4,500 ரூபாயில் எவ்வளவு மிச்சம்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டுக் கூரை ஒழுகுகிறதா? உங்கள் ஊர் ஆட்டோவில், வேனில் தண்ணீர் வருகிறதா? ஒரு வாரம் தேதி போட்டு எழுதுங்கள். மழை எந்தப் பக்கம் அடித்தது, எங்கே நனைந்தது என்று குறியுங்கள். அடுத்த வாரம் வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.